மாத்திரையா, பேச்சா, பொறுத்துப் பார்ப்பதா: மனச்சோர்வுக்கு எந்த வழி முதலில்?

வீட்டில் ஒருவருக்கு ஒன்றரை மாதமாக மனசு சரியில்லை. வேலைக்குப் போய் வருகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். ஆனால் சாப்பாட்டில் பிடிப்பில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு தட்டிவிடுகிறது, பிள்ளைகள் கிட்டே வந்தாலே எரிச்சல் வருகிறது. செய்தி உறவுக்குள் கசிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்க" என்பாள் சித்தி மகள். "மாத்திரை மட்டும் ஆரம்பிச்சிடாத, பழகிடும்" என்பார் பெரியப்பா. "குணசீலம் கோயிலுக்குப் போய்ட்டு வாங்க" என்பார் அத்தை. "நல்லா வாக்கிங் போ மாப்ள, எல்லாம் சரியாயிடும்" என்பார் நண்பர். எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் இத்தனை பேர் இத்தனை திசை காட்டும்போது எந்தப் பக்கமும் போகாமல் இன்னொரு மாதம் ஓடிவிடுகிறது. எனக்குக் கவலை தருவது அந்த மாதம்தான்.

பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை என்றும் அதே கணக்கெடுப்பு சொன்னது. ஆகவே, வழிகளுக்குள் எது உயர்ந்தது என்று வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. இவருக்கு இப்போது எவ்வளவு கடுமையாக இருக்கிறது, எந்த வழியில் இவரால் ஆறு வாரமாவது விடாமல் போக முடியும் என்ற இரண்டையும் பார்த்தால் போதும், பெரும்பாலும் முடிவு கிடைத்துவிடும்.

முதலில் அளவு பார்ப்பது

துக்கம் எல்லோருக்கும் வரும். சாவு வீட்டுக்குப் பிறகும், கடன் கழுத்தை நெரிக்கும்போதும், காதல் முறிந்தபோதும் மனசு கனப்பது நோயாகாது. மருத்துவர்கள் பார்ப்பது ஒன்பது அறிகுறிகளை: நாள் முழுவதும் சோகம், எதிலும் ஆர்வமில்லாமை, தூக்கக் கோளாறு, பசி கூடுவது அல்லது குறைவது, ஓயாத அசதி, தன்மேலேயே வெறுப்பு, கவனம் நிற்காமை, அசைவும் பேச்சும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, செத்துவிடலாம் என்ற நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து, அதிலும் முதல் இரண்டில் ஒன்றாவது, இரண்டு வாரம் தொடர்ந்து இருந்து அன்றாட வேலையைக் கெடுத்தால் அது மனச்சோர்வு நோய்.

நம் ஊரில் இது நேரடியாக "சோகமா இருக்கு" என்று வருவது குறைவு. "உடம்பெல்லாம் அசதி", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "தலை பாரம்", "கேஸ் டிரபிள்" என்று உடம்பின் வழியாகத்தான் முறையீடு வரும். இ.சி.ஜி., ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து, எல்லாமே நார்மல் என்று வந்த பிறகும் மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. அப்படிப்பட்டவரிடம் தூக்கம் எப்படி இருக்கிறது, முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா என்று யாராவது கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாள் இந்த ஒன்பதையும் எண்ணாக்கித் தருகிறது. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண்; மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசு, 10 முதல் 14 வரை மிதம், 15 முதல் 19 வரை மிதத்தைத் தாண்டிய கடுமை, 20-ம் அதற்கு மேலும் மிகக் கடுமை. தமிழிலும் கிடைக்கிறது, ஐந்து நிமிடம் போதும். நோய் இருக்கிறதா இல்லையா என்று இது தீர்ப்புச் சொல்லாது. எங்கே நிற்கிறோம் என்று காட்டும். போட்ட எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்குச் சுழியத்தைத் தவிர வேறு பதில் வந்தால் மொத்த எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எப்படி என்று திட்டம் போடும் அளவுக்குப் போயிருந்தால் அன்றைக்கே, அருகில் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, ஒருவர் கூடவே இருந்து அழைத்துப் போக வேண்டும். அந்த நிலையில் இந்தக் கட்டுரையின் ஒப்பீடுகள் எதுவும் பொருந்தாது. "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பாரம் இறங்குகிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. எந்த வழியில் இறங்குவதாக இருந்தாலும் தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் மனச்சோர்வைப் போலவே அசதியும் மந்தமும் வரும். பிரசவமாகிச் சில வாரங்களே ஆன பெண்ணாக இருந்தால், "புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்காமல் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

பொறுத்துப் பார்ப்பது

லேசான நிலையில் இது நியாயமான தேர்வுதான், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, தேதி குறித்துப் பொறுக்க வேண்டும்: இரண்டு வாரம் கழித்து அதே கேள்வித்தாளை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு, அந்த இரண்டு வாரம் சும்மா இருக்கக் கூடாது.

சும்மா இருக்காமல் என்ன செய்வது? நண்பர் சொன்ன வாக்கிங் இங்கேதான் வருகிறது. உடற்பயிற்சியும் மனச்சோர்வும் பற்றிய 218 ஆய்வுகளைத் திரட்டி 2024-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த அலசல், நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவை குறிப்பிடத்தக்க அளவு உதவுவதாகக் கண்டது. அவற்றுள் பல ஆய்வுகளின் தரம் உயர்வானதில்லை என்றாலும் திசை தெளிவாகவே இருக்கிறது. கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில் செய்தால் பலன் கூடுதல். தூங்கி எழும் நேரத்தை நிலையாக வைப்பதும், மதியத் தூக்கத்தைச் சுருக்குவதும் சிறிய விஷயங்களாகத் தெரியும். சோர்ந்த மனசுக்கு இவை பெரிய தாங்கல். மதுவை நிறுத்துவது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. குடித்த இரவு தூக்கம் வந்தது போலிருக்கும், அது பாதியில் கலையும், மறுநாள் சோர்வு இன்னும் கூடும். தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்று சொல்பவருக்குப் பொறுத்துப் பார்க்கும் வழி பொருந்தாது.

மிதமும் கடுமையுமான நிலையில் "தினமும் நடந்தா சரியாயிடும்" என்பது கொடுமையான அறிவுரையாகிவிடும். எழுந்து பல் துலக்குவதற்கே அரை மணி நேரம் தன்னோடு போராடுகிறவரிடம் அதைச் சொன்னால், இதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும்.

பேச்சுச் சிகிச்சை

கவுன்சிலிங் என்றால் எதிரே உட்கார்ந்து ஒருவர் அறிவுரை சொல்வார் என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக நிரூபிக்கப்பட்ட முறைகள் அப்படி இருப்பதில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், தானாக எழும் எண்ணங்களைப் பிடித்து, அவை எவ்வளவு உண்மை என்று சோதிக்கப் பழகுகிறோம். நடத்தையைத் தூண்டும் சிகிச்சை அதைவிட எளிது, எனக்கு மிகவும் நம்பிக்கை தருவதும் அதுதான். மனசு சரியானால் வெளியே போகலாம் என்று காத்திருக்கிறோம். போகாததால் நல்ல அனுபவம் எதுவும் நேராமல் மனசு இன்னும் இறங்குகிறது. இந்தச் சுற்றைச் செயலின் பக்கமிருந்து உடைக்க வேண்டும். மனநிலை எப்படி இருந்தாலும், காலை ஏழு மணிக்குத் தெருமுனைக் கடை வரை போய் ஒரு டீ. செவ்வாய் மாலை அக்காவுக்கு ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் மொட்டை மாடிச் செடிகள். சின்னதாக, நேரம் குறித்து, முடிந்ததும் மனசு எப்படி இருந்தது என்று ஒரு எண் போட்டு எழுதி வைப்பது. எழுதி வைத்ததைப் பார்த்து, எது உதவுகிறதோ அதைக் கூட்டிக்கொண்டே போவது.

இது நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்யுமா? செய்தது. கோவாவில் சங்கத் என்ற தொண்டு நிறுவனமும் மனநல ஆய்வாளர் விக்ரம் பட்டேல் முதலானோரும் இதைச் சோதித்து, 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். மனநலத் துறையில் முன்பயிற்சி எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்கினார்கள். ஆறு முதல் எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில், வழக்கமான கவனிப்போடு இந்த அமர்வுகளும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். பெரிய பட்டமும் குளிரூட்டிய அறையும் இல்லாமல் இவ்வளவு நடந்திருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் இப்படி நான்கு பேர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இதைப் படித்ததிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இந்த வழியின் உண்மையான குறை, கிடைப்பது. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களைத் தாண்டினால் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் அரிது. பெருநகரத் தனியார் இடங்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆவது சாதாரணம். எட்டு அமர்வுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு, கவுன்சிலர் என்று பெயர்ப்பலகை மாட்ட யாராலும் முடிகிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்கள் மாத்திரை எழுத முடியாது. மாத்திரை எழுதுபவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர்.

மாத்திரை

பெரியப்பாவின் பயத்தை மதித்தே பேச வேண்டும். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. "மாத்திரை பழகிடும்" என்பது அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற, படபடப்பைக் குறைத்துத் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளுக்குப் பொருந்தும். அவற்றைச் சில வாரங்களுக்கு மேல் தினமும் எடுத்தால் உடம்பு பழகிவிடும், நிறுத்துவது கஷ்டம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மறுபடி மறுபடி அதையே வாங்கிப் போடுகிறவர்கள் பலர். மனச்சோர்வுக்கு முதலில் தரப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்சிடின் வேறு வகை. இவற்றுக்கு ஏங்கி அளவைக் கூட்டிக்கொண்டே போகும் நிலை வருவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை சில நாள் வரலாம்; ஆகவே படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள்.

இவை போட்ட அன்றே வேலை செய்வதில்லை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலனைப் பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும்: குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, லேசான பதற்றம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளில் தணியும். பலன் தெரியும் முன்னே தொல்லை தெரிவதால்தான் "எனக்கு ஒத்துக்கல" என்று பலர் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். இதை டாக்டர் முன்கூட்டியே விளக்கியிருந்தால் பாதிப் பேர் தொடர்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். பாலுறவில் நாட்டமும் உச்சமும் குறைவது இன்னொரு விளைவு. இது தானாகத் தணியாமலும் போகலாம். ஆண்களும் பெண்களும் இதை வாய்விட்டுச் சொல்லாமலே மாத்திரையை நிறுத்துகிறார்கள். சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்து மாற்றவோ வழி உண்டு.

மூன்று எச்சரிக்கைகள். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் சற்றுக் கூடக்கூடும். வீட்டில் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு எப்போதாவது நாள்கணக்கில் தூங்காமலே சுறுசுறுப்பாக, பேச்சு நிற்காமல், பணத்தை வாரி இறைத்துக்கொண்டு இருந்த காலம் உண்டென்றால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அது, சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தந்தால் மறுபக்கம் தூக்கி அடித்துவிடும். கர்ப்பமாக இருப்பவரும் பால் கொடுப்பவரும் தாங்களாக நிறுத்த வேண்டாம். அவர்களுக்கும் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, செர்ட்ராலின் அவற்றில் ஒன்று.

மாத்திரையின் பலனையும் மிகைப்படுத்த வேண்டாம். அமெரிக்காவில் நடந்து 2006-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முதல் மருந்திலேயே அறிகுறிகள் முழுதாக விலகியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்கள் அடுத்த மருந்துக்கோ, மருந்தும் வேறொன்றும் சேர்ந்த வழிக்கோ போக வேண்டியிருந்தது. முதல் மாத்திரை பலிக்கவில்லை என்றால் "நமக்கு மருந்தே கேட்காது" என்று முடிவு கட்டுவதற்கு இடமில்லை.

எடைபோட்டால்

பிரிட்டனின் 2022-ம் ஆண்டு சிகிச்சை வழிகாட்டி, லேசான நிலையில் நோயாளியே விரும்பினாலன்றி மாத்திரையை முதல் தேர்வாக வைக்க வேண்டாம் என்கிறது. கடுமையான நிலையில் பேச்சுச் சிகிச்சையும் மாத்திரையும் சேர்ந்து தருவதை முன்வைக்கிறது. அறிவியலாக எனக்கு இது சரியாகவே படுகிறது. ஆனால் வாரம் ஓர் அமர்வு கிடைக்கும் ஊரை மனதில் வைத்து எழுதியது அது. விருதுநகர் பக்கத்துக் கிராமத்தில் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு, வாரா வாரம் ஒருநாள் கூலியை விட்டு மதுரைக்குப் பேருந்து ஏற முடியாது. அவருக்கு நிலை மிதமாக இருந்தாலும், பக்கத்து அரசு மருத்துவமனையில் மாத்திரை, வீட்டில் எழுதி வைத்துச் செய்யும் சின்னச் செயல்கள், தொலைபேசியில் பேச ஒரு எண் என்ற கூட்டுத்தான் நடைமுறையில் நிற்கும் வழி. அதைத் தரக்குறைவான சிகிச்சை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏட்டில் சிறந்த, ஆனால் இரண்டாம் வாரமே நின்றுபோகும் வழியைவிட இது மேல். அதே நிலையில் கோவையில் ஐ.டி. வேலையில் இருந்து மாத்திரை வேண்டாம் என்று நினைப்பவருக்கு, எட்டு வாரப் பேச்சுச் சிகிச்சையை முதலில் சொல்வேன். கேள்வித்தாளில் எண் 20-ஐத் தாண்டியவருக்கு, எந்த ஊராக இருந்தாலும், மாத்திரையைத் தள்ளிப்போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எந்த வாசலில் ஏறுவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறது; எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். கூட்டம் அதிகம், டாக்டரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள் என்பது உண்மையான குறை. அதனால் எத்தனை நாளாக, என்னென்ன தொல்லை, முன்பு என்ன மருந்து என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். தனியாரிடம் நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மாதா மாதம் கட்டணமும் மருந்துச் செலவும் தாங்குமா என்று தொடங்கும் முன்பே யோசித்துவிடுவது நல்லது, பாதியில் நிறுத்துவதற்குப் பெரிய காரணம் பணம்தான். யாரிடம் போனாலும் விவரம் வெளியே போகாது என்ற உரிமையை 2017-ம் ஆண்டுச் சட்டம் தருகிறது. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு.

எங்கேயும் போகத் தயங்குபவருக்கு முதல் படி தொலைபேசி. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இது சிகிச்சைக்கு ஈடாகாது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு மனிதக் குரல் வேண்டும் என்றால் இதுதான் கிடைக்கும்.

அத்தை சொன்ன குணசீலத்தைப் பற்றி. கோயிலிலும் தர்காவிலும் தங்குவதில் ஆறுதல் இருக்கிறது. வேலைப் பளு இல்லை, குறை சொல்வார் இல்லை, கூட ஓர் உறவு இருக்கிறது. தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பார்த்து 2002-ல் வெளியான ஆய்வில், சராசரியாக ஆறு வாரத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் அவர்களுக்கு இருந்தது வேறு மனநோய்கள், மனச்சோர்வில்லை. அதற்கு முந்திய ஆண்டுதான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்காவை ஒட்டிய ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். கட்டிப்போடும் இடம், அடிக்கும் இடம், மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே விடாதீர்கள். நம்பிக்கை இருந்தால் சீட்டும் மாத்திரையும் கையோடு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வரலாம். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

தேர்ந்த வழி எதுவானாலும் ஆறாம் வாரம் அந்தத் தாளை எடுத்துக் கேள்விகளுக்கு மறுபடி பதில் போடுங்கள். எண் பாதியாகக் குறைந்திருந்தால் அதே வழியில் தொடரலாம். அசையவே இல்லை என்றால் டாக்டரிடம் அதைக் காட்டி, அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா, பேச்சுச் சிகிச்சையைச் சேர்ப்பதா என்று கேளுங்கள். நன்றாகிவிட்டது என்றாலும் மாத்திரையை அன்றே நிறுத்த வேண்டாம். குணமான பிறகு ஆறு முதல் ஒன்பது மாதமாவது தொடர வேண்டும், மறுபடி மறுபடி வந்தவர்களுக்கு இன்னும் நீளும். ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. முதல் அறிகுறியாக எது வந்தது, அதிகாலை விழிப்பா, பசியின்மையா, பேச்சு குறைந்ததா என்று வீட்டில் ஒருவர் நினைவில் வைத்திருந்தால், அடுத்த முறை முதல் வாரத்திலேயே போய்விடலாம்.